தையல் அக்காவோடு இரவு பதினொரு மணிக்கு என்ன தையல்?

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு மனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே கணக்காளரும், கொழும்பிலிருந்து முதல்நாள் இரவு வந்திறங்கிய ஓர் அதிகாரியும் இருந்தார்கள். மேசையில் ஏழெட்டுத் தாள்கள், பல வரிகளில் மஞ்சள் மார்க்கர் பூசியபடி. கிட்டப் போய்ப் பார்த்த பிறகுதான் அது எனக்குக் கம்பனி தந்த சிம்மின் பில் என்று விளங்கியது. வழக்கமாக வரும் ஒற்றைத் தாள் பில் இல்லை. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் எந்த இலக்கத்துக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் கதைத்தேன், யாருக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன் என்று வரிவரியாக இருந்த விவரப் பில். நான் பேசிய ஒரு சொல்கூட அதில் இல்லை. ஆனாலும் அடுத்த இரண்டரை மாதம் என் வேலையையும் தூக்கத்தையும் கையிலிருந்த காசையும் தின்றவை அந்தத் தாள்கள்தான்.

திருகோணமலை டவுனில் ஒரு விநியோக நிறுவனத்தில் ஏழு வருடம் வேலை செய்தேன். பிஸ்கட், சோப், பால்மா மாதிரியான சாமான்களைக் கடைகளுக்குக் கொடுக்கிற இடம். குச்சவெளியிலிருந்து மூதூர் வரை கடைக்காரர்களின் ஓடர்களை எடுத்து, லொறிக்குப் பிரித்துக் கொடுத்து, காசு வந்ததா என்று பார்ப்பது என் பொறுப்பு. அதற்காக ஒரு போனும் சிம்மும் தந்திருந்தார்கள். என் சொந்தப் போன் 2021இல் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. கம்பனிப் போன்தான் இருக்கிறதே, பில்லும் அவர்களே கட்டுகிறார்கள், இன்னொன்று எதற்கு என்று விட்டுவிட்டேன். முதல் பிழை அதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து முளைத்தவை.

2022 மே மாதம், பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற நேரத்தில், என் தம்பி ஐஸ் என்கிற போதைப்பொருளைப் பாவிக்கிறான் என்று தெரியவந்தது. அவனுக்கு அப்போது 24 வயது. அம்மாவுக்குச் சொல்லவில்லை, அவவுக்கு ஏற்கெனவே பிரஷர். தங்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு வீட்டில் ஐஸ் என்று கதை வெளியே போனால் அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு யார் வருவார்கள்? கணவர் கட்டாரில். அவரிடம் பாதியைத்தான் சொன்னேன். மீதியைச் சொல்ல எனக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார், எங்கள் அலுவலகத்திலேயே வேலை செய்த கிண்ணியா ராத்தா. அவருடைய மகன் இதே குழிக்குள் விழுந்து எழும்பி வந்தவன். எந்த நேரத்தில் அவனோடு கதைக்கலாம், எந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், காசை எங்கே ஒளிக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லித் தந்தவர் அவர்தான். கண்டிப் பக்கத்தில் ஒரு புனர்வாழ்வு நிலையத்தில் ஆலோசகர் ஒருவரையும் அவர்தான் அறிமுகப்படுத்தினார். 2023 ஜனவரியில் ராத்தா எங்கள் கம்பனியை விட்டு, இதே தொழில் செய்யும் இன்னொரு நிறுவனத்துக்குப் போனார். சம்பளம் கூட, வீட்டுக்கும் கிட்ட. நாங்கள் கதைப்பது நிற்கவில்லை.

நான் ஒன்றும் கவனமில்லாத ஆள் அல்ல. அதுதான் பிறகு கூடுதலாக எரிச்சல் தந்தது. வட்ஸ்அப்பில் ராத்தாவின் பெயரைத் 'தையல் அக்கா' என்று மாற்றி வைத்திருந்தேன், அம்மாவோ தங்கையோ பார்த்தால் துருவக்கூடாது என்று. 24 மணித்தியாலத்தில் தானாக அழிகிற ஏற்பாட்டையும் போட்டிருந்தேன். தம்பி வீட்டில் எதை விற்றான், எந்த இரவு வரவில்லை என்று நான் எழுதியதெல்லாம் மறுநாள் இருக்காது. 2016 ஏப்ரலிலிருந்து வட்ஸ்அப்பில் போகிற செய்திகள் அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் இடையே பூட்டப்பட்டே போகின்றன, நடுவில் அந்தக் கம்பனியாலேயே வாசிக்க முடியாது என்பதும் தெரியும். ஆகவே நான் பாதுகாப்பாக இருக்கிறேன் என்றே நினைத்திருந்தேன். சொற்களைப் பூட்டி வைத்துவிட்டு, யாரோடு, எப்போது, எத்தனை தரம் என்பதைத் திறந்தபடி விட்டிருக்கிறேன் என்று தோன்றவேயில்லை.

சரி, அந்த அறைக்கு வருகிறேன். ஆகஸ்ட் 7ஆம் திகதி எங்கள் நிறுவனம் புதிய விலைக்கழிவு விகிதப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. எந்தக் கடைக்கு எவ்வளவு கழிவு என்பது தொழில் ரகசியம். 11ஆம் திகதி நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடைக்காரர்கள், ராத்தா வேலை செய்யும் நிறுவனம் அதைவிட அரை வீதம் கூடத் தருகிறதே என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பட்டியல் கசிந்துவிட்டது. யார் கொடுத்தது என்று தேடியபோது கொழும்பு அதிகாரி எல்லோருடைய கம்பனி சிம்களின் விவரப் பில்லையும் எடுப்பித்திருக்கிறார். என் பில்லில் ஓர் இலக்கம் மட்டும் இரண்டு மாதத்தில் 63 தரம். அதில் 41 இரவு எட்டு மணிக்குப் பிறகு. கணக்காளருக்கு அந்த இலக்கம் மனப்பாடம், நாலு வருடம் ராத்தாவுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர்.

போனைக் கேட்டார்கள். கம்பனிச் சொத்து, கொடுத்தேன். திறந்து கொடுக்கச் சொன்னார்கள், திறந்தும் கொடுத்தேன். அப்போது எனக்கு மறுக்கலாம் என்ற எண்ணமே வரவில்லை. கை நடுங்கினால் குற்றவாளி என்று நினைத்துவிடுவார்களோ என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. கொழும்பு அதிகாரி கெட்டிக்காரர். நேரே உரையாடல்களைத் தேடவில்லை. வட்ஸ்அப்பில் ஏதோ ஒரு பிஸ்கட் பெட்டிப் படத்தைத் திறந்து, மற்றவருக்கு அனுப்பும் அம்புக்குறியை அழுத்தினார். யாருக்கு அனுப்புவது என்று கேட்கும் பட்டியல் வருமே, அதன் தலையில் அடிக்கடி தொடர்புகொள்கிறவர்கள் என்று தனியாக மூன்று பெயர்: தம்பி, தையல் அக்கா, கண்டி சேர். தையல் அக்காவைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. அழியும் செய்திகள் இயக்கப்பட்டுள்ளன என்ற சின்ன அறிவிப்பு மட்டும் இருந்தது. மனேஜர் சிரித்தார். "தையல் அக்காவோட இரவு பதினொரு மணிக்கு என்ன தையல்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால் தம்பியின் கதை வெளியே போகும், ராத்தாவின் மகன் கதையும் சேர்ந்து போகும். பொய் சொல்ல எனக்கு வராது. பேசாமல் நின்றேன். பொய்ப்பெயர், வெறும் திரை, என் மௌனம் மூன்றும் ஒன்றுசேர்ந்து ஒரு வாக்குமூலம் மாதிரி ஆகிவிட்டன. இதை வாசிக்கிறவர்களுக்கு அனுபவத்தில் சொல்கிறேன்: பெயரை மாற்றி வைப்பது வீட்டுக்குள் ஒரு நொடிப் பார்வைக்கு உதவலாம், தேடி வருகிறவனிடம் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். இலக்கம்தான் ஆள். செய்தி தானாக அழிவதும் அப்படித்தான். எழுதியது போகும், உரையாடல் நடந்த வரிசை போகாது. அழைப்புகள் என்ற பக்கத்தில் வட்ஸ்அப் கோல்களின் நேரமும் திகதியும் அப்படியே இருக்கும். அமைப்புக்குள் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போனால், எந்த உரையாடல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கிக் காட்டும். உங்கள் போனை எடுத்து இப்போதே அந்தப் பக்கத்தைப் பாருங்கள். உங்களுக்கு யார் நெருக்கம் என்று அது உங்களைவிட நேர்மையாகச் சொல்லும்.

அதோடு முடியவில்லை. மஞ்சள் பூசிய வரிகளில் நாலு இலக்கம் மட்டும் கொண்ட ஒன்று ஐந்து தரம் வந்திருந்தது. 1926. ஒரு கோல் 38 நிமிடம், இரவு 11.40க்கு. அது அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். தம்பி கத்தியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பூட்டிய இரவு, ராத்தா போன் எடுக்காததால் நான் அடித்தது. மற்றப் பக்கத்தில் பேசிய பெண் அந்த 38 நிமிடமும் என்னோடு இருந்தார். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது, அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மனேஜர் அந்த வரியில் விரலை வைத்து, "இது விசர் ஆஸ்பத்திரி நம்பர்தானே, யாருக்கு?" என்றார். எனக்குத்தான் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது? இரண்டு நாளில் அலுவலகம் முழுக்க எனக்கு மண்டை பிழை என்று ஆகிவிட்டது. அடுத்த கிழமை அலஸ்தோட்டத்துக் கடைக்காரர் ஒருவர் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டு, "உடம்பு இப்ப சுகமா தங்கச்சி?" என்று குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார். பஸ் நிலையத்துக்கு முன்னால் மான்கள் பிளாஸ்டிக் பையை இழுத்து மென்றுகொண்டிருந்தன. அவற்றையே பார்த்தபடி ஓம் என்றேன். கண்டி சேருக்கு 19 தரம், எல்லாம் இரவு ஒன்பது மணிக்கு மேல். அதற்கு என்ன கதை கட்டினார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. புருஷன் வெளிநாட்டில் என்பதையும் சேர்த்து நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

விசாரணை முடியும்வரை சம்பளமில்லாமல் வேலை இடைநிறுத்தம் என்று கடிதம் தந்தார்கள். போனைத் திருப்பித் தரவில்லை. அன்று மத்தியானம் வெயிலில் மத்திய வீதியால் நடந்து போனபோதுதான், தம்பிக்கு அடித்துச் சொல்லக்கூடப் போன் இல்லை என்பது உறைத்தது. அவனுடைய இலக்கத்தைத் தவிர வேறொன்றும் எனக்கு மனப்பாடமில்லை. வட்ஸ்அப் கணக்கும் அந்தச் சிம்மில்தான் இருந்தது, ஆகவே தங்கையின் பாடசாலைக் குழு, கோயில் குழு, கணவரோடு கதைக்கிற வழி எல்லாம் அவர்களின் மேசை லாச்சிக்குள் போய்விட்டன. ஒன்று சொல்கிறேன், யாராவது கம்பனிச் சிம்மில் சொந்த வட்ஸ்அப்பை வைத்திருந்தால் இன்றைக்கே ஒரு மலிவு சிம் வாங்கி, இலக்கம் மாற்றும் வசதி மூலம் கணக்கை அதற்குக் கொண்டுபோங்கள். பழைய சிம் கையில் இருக்கும்போது அது ஐந்து நிமிட வேலை. இல்லாதபோது எவ்வளவு கெஞ்ச வேண்டும் என்று எனக்குத் தெரியும். சிம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்தான் தொலைபேசி நிறுவனத்தின் கண்ணில் வாடிக்கையாளர், பில்லும் அவருக்குத்தான். உங்கள் பெயரில் இருக்கிற சிம்மை வேறொருவருக்குக் கொடுத்திருந்தாலும் அதே கணக்குத்தான், இதையும் யோசியுங்கள்.

முதல் இரண்டு கிழமை அழுதேன், சும்மா சொல்லவில்லை. வீட்டில் லீவு என்றேன். அம்மா நம்பவில்லை, ஆனால் கேட்கவுமில்லை. பிறகு சங்கிலியை ஈடு வைத்து ஒரு சட்டத்தரணியைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது, குற்றச்சாட்டை எழுத்தில் தந்தார்களா என்று. தரவில்லை. பில்லின் பிரதி இருக்கிறதா? இல்லை. போனைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டு? அதுவுமில்லை. மனுஷன் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்கு அந்த அறையிலேயே நான் மூன்று விடயம் கேட்டிருக்க வேண்டும்: என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில், என்மேல் காட்டும் தாளின் பிரதி ஒன்று, போனை ஒப்படைத்ததற்கு ஒரு கையெழுத்து. கூடவே யாராவது ஒருவர் அறையில் இருக்க வேண்டும். 2022இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 9ஆம் இலக்கம், நிறைவேறியிருக்கிறது, ஆனால் அது அப்போது முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கவில்லை என்றும் சொன்னார். ஆகவே அதில் தொங்காமல், கம்பனிக்கு ஒரு கடிதம் அனுப்பி 2022 மே தொடக்கம் 16 மாத விவரப் பில்லையும் தரச் சொல்லிக் கேட்போம் என்றார். இரண்டு மாதத்தை மட்டும் ஏன் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். மூன்று கிழமை இழுத்துத் தந்தார்கள்.

பில் வந்த இரவு அதைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, தங்கையின் கலர்ப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராத்தாவுக்குப் பச்சை, கண்டி சேருக்கு நீலம், தம்பிக்குச் சிவப்பு. மூன்று இரவு. முதல் இரவு முடியும்போதே ஒன்று விளங்கியது, இந்தத் தாளை நான் முதலே பார்த்திருந்தால் என்னை நானே அறிந்திருப்பேன். சிவப்புத்தான் அதிகம். தம்பிக்குப் போன கோல்களில் பெரும்பாலானவை பத்துப் பதினைந்து விநாடிதான். "எங்க நிக்கிறாய்?" "வாறன்." அவ்வளவுதான். அந்தச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் நெருங்கி வந்த இடத்திலெல்லாம் ஐந்து பத்து நிமிடத்துக்குள் ஒரு பச்சை இருந்தது, அவன் போன் எடுக்காத அல்லது பொய் சொன்ன ஒவ்வோர் இரவும் நான் ராத்தாவிடம் ஓடியிருக்கிறேன். மார்ச் கடைசியிலிருந்து 28 நாள் அவன் கண்டியில் இருந்தான். அந்த 28 நாளிலும் பச்சை மூன்றே மூன்று. என் நிம்மதிகூட அந்தத் தாளில் தெரிந்தது. அம்மாவுக்கு மட்டும் ஒரு கோலும் இல்லை. ஒரே வீட்டில் இருப்பதால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ராத்தாவின் அக்கா மகன் கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற பெடியன். அவனிடம் இதைச் சொன்னபோது, "மாமி, நீங்க செஞ்சதுதான் மெட்டாடேட்டா பகுப்பாய்வு" என்றான். செய்தியின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்கிற விவரத்துக்குத்தான் அந்தப் பெயராம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னான். 800க்கு மேற்பட்ட தொண்டர்கள் தங்கள் போனின் அழைப்பு, எஸ்எம்எஸ் விவரத்தை மட்டும் கொடுத்திருக்கிறார்கள், ஒரு சொல்கூட இல்லாமல். இதய சிகிச்சைப் பிரிவோடு நீண்ட கோல், ஆய்வுகூடத்தோடு குட்டிக் கோல்கள், மருந்துக்கடையிலிருந்து அடிக்கடி, இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவிக்கான சேவை இலக்கம். இவ்வளவையும் வைத்து ஒருவருக்கு இதயத் துடிப்புச் சீரின்மை என்று ஊகித்து, அது சரி என்றும் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். இன்னொருவர் துப்பாக்கி வைத்திருப்பதையும் அப்படியே. கேட்டபோது எனக்கு எங்கள் கடைக்காரர்களின் கடன் கொப்பிதான் நினைவு வந்தது. அதில் திகதி, சாமான், தொகை தவிர ஒன்றுமில்லை. ஆனால் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்த வீட்டில் வேலை போனது, எவர் திரும்பவும் சிகரெட் தொடங்கிவிட்டார் என்று கொப்பியைப் புரட்டியே முதலாளி சொல்லிவிடுவார்.

அப்பாவுக்கு இது என்னைவிட நன்றாக விளங்கியிருந்தது. 1990இல் எனக்கு ஐந்து வயது. ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட இரவு அவர் வீட்டிலிருந்த விலாசக் கொப்பியை அடுப்பில் போட்டாராம். கடிதங்களைக்கூட விட்டுவிட்டார், கொப்பியை மட்டும் எரித்தார். கடிதத்தில் இருப்பது நலம் விசாரிப்பு, கொப்பியில் இருப்பது ஆட்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். 2014இல் அமெரிக்க உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மைக்கல் ஹேடன், நாங்கள் மெட்டாடேட்டாவை வைத்து ஆட்களைக் கொல்கிறோம் என்று ஒரு மேடையில் வெளிப்படையாகவே சொன்னார் என்று பெடியன் சொன்னபோது, மற்றவர்கள் மாதிரி நான் அதிர்ச்சியடையவில்லை. அப்பாவின் அடுப்புத்தான் கண்ணில் வந்தது.

உள்ளக விசாரணையின் மூன்றாவது அமர்வு ஒக்டோபரில். அதற்கு முதல் கிண்ணியாவுக்குப் போனேன். 2009இல் பாலம் திறக்கும்வரை இந்தத் தூரத்துக்குப் படகுப்பாதைக்குக் காத்து நிற்க வேண்டும், இப்போது பஸ்ஸில் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடலாம். என்றாலும் அன்றைக்குப் பாலம் நீளமாகத்தான் இருந்தது. தன்னால் எனக்கு வேலை போகப் பார்க்கிறது என்று ராத்தாவுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். "என்ட மகன்ட கதையச் சொல்லித்தான் ஒன்ட வேல மிஞ்சுமெண்டா சொல்லு" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து 14ஆம் திகதிவரை தான் உம்ராவுக்கு மக்கா போயிருந்ததைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு எப்படி அது மறந்துபோனது! பில்லை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் 1 முதல் 14 வரை பச்சையே இல்லை. பட்டியல் தயாரானது 7ஆம் திகதி, கசிந்தது 11க்குள். அவர்கள் என்னைப் பிடித்த அன்று ஆகஸ்ட் பில் இன்னும் வந்திருக்கவில்லை, அதனால் ஜூன் ஜூலையை மட்டும் பார்த்துக் கதை கட்டியிருந்தார்கள்.

அமர்வில் நான் தம்பியைப் பற்றியோ 1926ஐப் பற்றியோ வாய் திறக்கவில்லை. கலர் அடித்த தாள்களை விரித்து, இந்த இலக்கத்தோடு நான் கதைக்கத் தொடங்கியது 2022 மே, அப்போது அவர் இதே கட்டடத்தில்தான் வேலை செய்தார், பட்டியல் கசிந்த கிழமையில் ஒரு கோலும் இல்லை என்று மட்டும் காட்டினேன். கொழும்பு அதிகாரி உடனே, வட்ஸ்அப்பில் எடுத்திருக்கலாம்தானே, அது பில்லில் வராதே என்றார். சரியான கேள்வி. வட்ஸ்அப் கோல் தொலைபேசி நிறுவனத்தின் பில்லில் இலக்கத்தோடு வராது, டேட்டா போனது என்றுதான் இருக்கும். போன் உங்களிடம்தானே இருக்கிறது, அழைப்புகள் பக்கத்தைப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். அந்த நாட்களில் தையல் அக்கா இல்லை. எழுத்தில் அனுப்பியிருக்கலாமே என்றார் அடுத்ததாக. அதற்கு என்னிடம் பதில் இல்லை, எல்லாம் அழிந்துவிட்டதே. அழிக்காமல் வைத்திருந்தால் என்னைக் காப்பாற்றியிருக்கும், ஆனால் தம்பியைக் காட்டிக்கொடுத்திருக்கும். ஒக்டோபர் கடைசியில் 'குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை' என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. யார் கொடுத்தது என்று கடைசிவரை சொல்லவில்லை. மன்னிப்பும் இல்லை.

ஒரு கிழமை வேலைக்குப் போனேன், அந்த ஒரு கிழமையில் வட்ஸ்அப் இலக்கத்தை என் பெயரில் எடுத்த புதுச் சிம்முக்கு மாற்றிக்கொண்டேன், பிறகு விலகல் கடிதம் கொடுத்தேன். கணக்குப் பார்த்தால் இழந்த சம்பளம் இரண்டரை மாதம், 155,000 ரூபாய். சட்டத்தரணிக்கு 45,000. போக்குவரத்து, பிரதி, ஈட்டு வட்டி எல்லாம் சேர்த்து 18,000. மொத்தம் 218,000. ஏழு வருடத்துக்குச் சேவைக்காலப் பணிக்கொடை, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், 217,000 வந்தது, அதுவும் நாலு மாதம் அலைந்த பிறகு. ஏழு வருடம் உழைத்ததில் ஆயிரம் ரூபாய் நட்டம் என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தம்பியின் கதையில் மீதிப் பாதியை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன்.

இப்போது நான் எப்படி இருக்கிறேன் என்றால், வேலைக்கு ஒரு போன், எனக்கு ஒரு போன். ஒரே போனில் இரண்டு சிம் போடவில்லை, ஏனென்றால் பில் பிரிந்தாலும் கையில் எடுத்துப் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். அலுவலகக் கணினியில் வட்ஸ்அப்பைத் திறப்பதில்லை. முன்பு திறந்து விட்டிருந்தேன் என்பதை இணைக்கப்பட்ட சாதனங்கள் பக்கத்தில் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன், ஏழு மாதமாகத் திறந்தே கிடந்திருக்கிறது. புதிதாக ஒரு செயலி போடும்போது அழைப்பு விவரத்தையும் தொடர்புகளையும் கேட்டால் மறுத்துப் பார்க்கிறேன், பெரும்பாலும் மறுத்தாலும் வேலை செய்கிறது. சிக்னல் என்ற செய்திச் செயலியும் வைத்திருக்கிறேன். 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தபோது அதை நடத்துகிறவர்களால் கொடுக்க முடிந்தது கணக்குத் தொடங்கிய திகதியும் கடைசியாகச் சேவையோடு இணைந்த திகதியும் மட்டும்தானாம், யாரோடு கதைத்தார் என்ற விவரத்தை அவர்கள் சேர்த்து வைப்பதேயில்லை. கண்டி சேர் உடனே அதற்கு மாறினார். ராத்தா மாறவில்லை. இன்னொரு செயலிக்குப் போனில் இடமில்லை, பேரப்பிள்ளையின் வீடியோ நிறைய இருக்கிறது என்றுவிட்டார். நம்மோடு கதைக்கிறவர் மாறாவிட்டால் நாம் மட்டும் மாறி என்ன பிரயோசனம்? ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள், பில்லில் விழுந்துவிடும் என்று பயந்து 1926க்கு அடிக்காமல் இருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் போனை வாங்கியாவது அடியுங்கள்.

தம்பி இப்போது சீனக்குடாப் பக்கம் ஒரு வாகனத் திருத்துமிடத்தில் நிற்கிறான். பின்னேரம் ஆறரைக்கு அவனே எடுத்து "வாறன்" என்பான், பத்து விநாடி. ராத்தாவோடு இப்போது போனில் கதைப்பது குறைவு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்விடுகிறேன், தேத்தண்ணியும் கிடைக்கிறது. இதை எழுதப்போகிறேன் என்று போன முறை அவரிடம் அனுமதி கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேரப் போட்டாலும் போடு, நம்பரப் போட்டுராத" என்றார்.